பாட்டி சொன்ன ஊர்ப்பெயர்



பரிசளிப்பு விழாவில் நான் பேசியதை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். மேடையில் பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள். அதில் பாதி ஒலிபெருக்கியோடு போராடியதில் போயிற்று. ஆகவே அன்று விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவள் அல்லள். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்றுத் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லித் தருகிறவள். எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் நாம் வசிக்கும் இடத்தைப் பாருங்கள். பட்டர்வொர்த் என்பது ஒரு மனிதரின் பெயர். 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களுக்குக் கவர்னராக இருந்தவர் அவர். இங்கிருந்து தெற்கே நிபோங் திபால் பக்கம் போனால் கலிடோனியாத் தோட்டம். கலிடோனியா என்பது ஸ்காத்லாந்து நாட்டின் வடபகுதிக்கு ரோமர்கள் வழங்கிய பெயர். பேராக்கில் பத்து காஜாவுக்குப் பக்கத்தில் பாதியில் நின்றுபோன மாளிகை ஒன்று இருக்கிறதே, பள்ளிச் சுற்றுலாவில் பலரும் பார்த்திருப்பீர்கள். அதை 1915இல் கட்டத் தொடங்கியவர் வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காத்லாந்துக்காரர். மாளிகை முடிவதற்குள் 1926இல் இறந்து போனார். அவர் தம் தோட்டத்துக்கு வைத்த பெயர் கிந்தா கெல்லஸ். கெல்லஸ் என்பது மோரே வட்டாரத்தில் அவர் பிறந்து வளர்ந்த சிற்றூர். படத்தில் தேடினால் கண்ணுக்கே படாத ஊர். அந்த ஊர்ப்பெயர் கடல் கடந்து வந்து நம் நாட்டுப் பத்திரங்களில் ஏறிவிட்டது.

அந்த மாளிகைக்குக் கல் சுமந்தவர்களில் நம் தமிழர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் ஆளுக்கோர் ஊர் இருந்தது. அந்த ஊர்ப்பெயர்களெல்லாம் எங்கே போயின? எழுதி வைக்க அவர்களிடம் மாளிகை இல்லை. வாயில்தான் வைத்திருந்தார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் தாத்தா 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினார். அதற்கு அடுத்த ஆண்டே, அதாவது 1938இல், கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஆகவே கடைசிக் கூட்டத்தில் வந்தவர் என்று சொல்லலாம். சண்டை முடிந்து, 1948இல் ஊருக்குப் போய்ப் பாட்டியைக் கலியாணம் செய்து அழைத்து வந்தார். 1961இல் தாத்தா இறந்தபோது பெரியப்பாவுக்குப் பதினொரு வயது, அப்பாவுக்கு ஆறு வயது. ஊரிலிருந்து கடிதம் வருவதும் அதோடு நின்றது. பாட்டி பால்மரம் சீவித்தான் பிள்ளைகளை வளர்த்தாங்க.

பாட்டியிடம் யாராவது "ஒனக்கு எந்த ஊரு?" என்று கேட்டால், "மாயவரம் பக்கம்" என்பாங்க. அதற்கு மேல் சொல்ல மாட்டாங்க. லயத்தில் இருப்பவர்கள் சேலம், திருச்சி, வடஆர்க்காடு என்று பல இடத்து ஆட்கள். சின்ன ஊரின் பெயரைச் சொன்னால் யாருக்குத் தெரியும்? ஆனால் எங்களைக் கோபித்துக் கொள்ளும்போது மட்டும், "நாங்க கிடாரங்கொண்டான் ஆளுங்க, எங்ககிட்ட வச்சிக்காதே!" என்று ஒரு வார்த்தை வரும். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. கிடாரம் என்றால் திருவிழாவில் சோறு ஆக்கும் பெரிய செப்புப் பாத்திரம் அல்லவா? நம் முன்னோர் யாரோ கிடாரம் தூக்கிப் போனவர் போலிருக்கிறது, அதனால் வந்த பட்டப்பெயர் என்று பெரியப்பா சொல்லுவார். நாங்களும் சிரித்துக்கொண்டு நம்பிவிட்டோம். பாட்டி 1999இல் காலமானாங்க. எனக்கு அப்போது பத்து வயது.

தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரே ஒரு காகிதம் மிஞ்சியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதிய பழைய கப்பல் காகிதம். எத்தனையோ குடும்பங்களில் அதுகூட இல்லை. 1942, 1943இல் சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போன காலத்தில் ஆளே திரும்பவில்லை என்றால் காகிதம் எங்கே திரும்பும்? எங்கள் காகிதத்தில் கரையான் தின்றது போக இரண்டு இடம் தெளிவாக இருந்தன: மாயவரம், தஞ்சாவூர். அவற்றுக்கு மேலே கே, ஐ, டி, ஏ என்று நான்கு எழுத்து. அதற்கப்புறம் மடிப்பு விழுந்து ஓட்டை. பெரியப்பா அதைக் கெடா என்று படித்தார். "தாத்தாவுக்கு முதலில் கெடாவில்தான் வேலை எழுதியிருக்கிறார்கள்" என்று முடிவு கட்டினார். கெடாவுக்கு ஆங்கிலத்தில் இரண்டாவது எழுத்து ஐ அல்ல என்று அப்போதே ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை என்பதைச் சொல்லி விடுகிறேன். நான் ஆசிரியையாகி ஏழெட்டு வருடம் ஆன பிறகும் கவனிக்கவில்லை.

அப்பாவுக்கு எழுபது வயது நெருங்கியபோதுதான் அந்த ஆசை வந்தது. "அம்மா பொறந்த மண்ண ஒரு தடவ மிதிச்சிட்டு வந்துடறேம்மா" என்றார். எங்கே கூட்டிக்கொண்டு போவது? தொலைபேசிப் படத்தில் மாயவரம் என்று தேடினால் மயிலாடுதுறை என்று வருகிறது. 1982இல் பெயரை மாற்றிவிட்டார்கள். தஞ்சாவூர் மாவட்டத்தில் பார்த்தால் மயிலாடுதுறை அதில் இல்லை. பாட்டி சொன்னதையே சந்தேகப்படத் தொடங்கினேன்.

பெற்றோர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். உங்கள் வீட்டுப் பழைய காகிதத்துக்கும் இது உதவும். அந்தக் காலத்துத் தஞ்சாவூர் ஜில்லா இப்போதைய தஞ்சாவூர் மாவட்டம் அன்று. 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 1997இல் திருவாரூரும், 2020இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. திருச்சி ஜில்லாவிலிருந்து 1995இல் கரூரும் பெரம்பலூரும் போயின. சேலத்திலிருந்து 1997இல் நாமக்கல் போயிற்று. வடஆர்க்காடு என்ற பெயரே இன்று மாவட்டப் பட்டியலில் இல்லை. திருவண்ணாமலை 1989இலும், இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019இலும் தனியாயின. ஆகையால் ஜில்லாப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் அலைச்சல்தான். காகிதத்தில் தாலுகா இருக்கிறதா என்று பாருங்கள். தாலுகாதான் சாவி. அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நான் வேறு கதவைத் தட்டிய கதை பின்னால் வருகிறது.

ஒரு நாள் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இராசேந்திர சோழனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1025ஆம் ஆண்டு வாக்கில் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றவன் அவன். கடாரம் என்பது நம் பக்கத்துக் கெடாதான். பட்டர்வொர்த்திலிருந்து மேகமில்லாத நாளில் வடக்கே தெரிகிறதே ஜெராய் மலை, அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இராசேந்திரனுக்குக் கிடைத்த பட்டத்தைக் கரும்பலகையில் எழுதினேன். கடாரங்கொண்டான். எழுதிவிட்டு வாய்விட்டும் படித்தேன். சாக்குக்கட்டி கையிலேயே நின்றுவிட்டது.

பாட்டியின் கோப வார்த்தை! கடாரத்தைக் கிடாரம் என்றும் சொல்லுவார்கள். சோழர் காலத்துச் செப்பேட்டிலேயே, நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எடுப்பித்த கடாரத்து அரசனைக் கிடாரத்தரையன் என்றுதான் எழுதியிருக்கிறது. பாட்டி சொன்னது பாத்திரத்தை அன்று. அரசனுடைய பட்டத்தால் பெயர் பெற்ற ஓர் ஊரை! காகிதத்தில் இருந்த நான்கு எழுத்தும் கெடா அல்ல, கிடாரங்கொண்டானின் தலைப்பகுதி. பெரியப்பா படித்தது தப்பு. ஆனால் அந்த ஊர்ப்பெயருக்குள்ளே கெடா இருக்கத்தான் இருக்கிறது. கெடாவை வென்றதால் பெயர் பெற்ற ஊரிலிருந்து ஒரு மனிதர் கெடாவின் எல்லையில் வந்து பால்மரம் சீவியிருக்கிறார். பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்ப கிடாரம் தூக்கல?" என்றார்.

பள்ளி விடுமுறையில் அப்பாவை அழைத்துக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் ஏறினேன். இங்கேதான் என் அவசரப் புத்தி. படத்தில் தேடியவுடன் திருவாரூரை ஒட்டி ஒரு கிடாரங்கொண்டான் வந்தது. அரசு கலைக் கல்லூரி இருக்கும் இடம். நேரே அங்கே போய் இறங்கினோம். அப்பா ஒவ்வொரு பெரியவரிடமும் தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார். அவர்கள் மரியாதையாக மோர் கொடுத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பாட்டி சொல்லும் குலதெய்வத்தின் பெயரைக் கேட்டோம். அப்படி ஒரு கோயில் அங்கே இல்லை. அப்பா ஒரு திண்ணையில் உட்கார்ந்து, "விடும்மா, பாத்தாச்சில்ல" என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மோர் கொடுத்த அம்மாளின் மருமகன்தான் அந்தக் காகிதத்தின் நகலை வாங்கிப் பார்த்தார். "தாலுகா மாயவரம்னு போட்டிருக்கே டீச்சர். எங்க ஊரு அந்தக் காலத்துல நாகப்பட்டினம் தாலுகாவாச்சே. செம்பனார்கோயில் பக்கத்துல இன்னொரு கிடாரங்கொண்டான் இருக்கு, அங்க போய்ப் பாருங்க" என்றார். பிள்ளைகளுக்கு வினாத்தாளை முழுதும் படித்துவிட்டு விடை எழுது என்று தினமும் சொல்லுகிறவள் நான்.

மறுநாள் மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில் வழியே போனோம். தாத்தாவின் வீடு கிடைக்கவில்லை, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எண்பத்தெட்டு வருடம் ஆகிவிட்டதல்லவா? ஆனால் பாட்டி சொன்ன அம்மன் கோயில், பாட்டி சொன்ன அதே பெயரில், குளத்துக்குக் கிழக்கே இருந்தது. பூசாரிக்கு வயது அதிகம். தாத்தாவின் பெயர் அவருக்குத் தெரியவில்லை, பாட்டியின் அப்பா பெயரைச் சொன்னதும், "பொண்ண கப்பல்ல அனுப்பிச்சவரா?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பேசவே இல்லை. நான் குளத்தைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டேன்.

ஸ்காத்லாந்துக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். அவர்களுடைய ஏழைக் குடியானவர்களும் கப்பலேறிக் கனடா, ஆஸ்திரேலியா என்று போனவர்கள்தாம். பேரப்பிள்ளைகள் கையில் ஒரு பண்ணையின் பெயர் மட்டும் இருக்கும். படத்தில் அந்தப் பண்ணை இருக்காது. ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி வாய்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடு முழுவதையும் அளந்து படம் வரைந்த அதிகாரிகள், சின்னஞ்சிறு பண்ணை, ஓடை, மேடு எல்லாவற்றின் பெயரையும் நோட்டுப் புத்தகங்களில் எழுதினார்கள். எப்படி எழுத்துக்கூட்டுவது என்று சொன்னவர் யார் என்பதையும் எதிரே எழுதினார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிரியார் உண்டு, பண்ணைக்காரர் உண்டு, ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரும் உண்டு! இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. எங்கள் லயத்தில் எந்த வாத்தியார் எழுதினார்?

அதனால் இந்த ஆண்டு என் வகுப்பில் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கியிருக்கிறேன். வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் பிள்ளைகள் கேட்டு வர வேண்டும். ஊர்ப்பெயரை அவர் வாயில் வருகிற மாதிரியே தமிழில் எழுத வேண்டும், திருத்தக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதினால் ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாகிவிடும். பிறகு எந்த ஊரையும் பிரித்தறிய முடியாது. தாலுகா, குலதெய்வம், பக்கத்து ஊர்கள், ரயில் ஏறிய இடம் எல்லாம் கேட்க வேண்டும். சொன்னவர் பெயரையும் எதிரே எழுத வேண்டும். பெற்றோர்களே, இந்தப் பாடத்துக்கு மதிப்பெண் கிடையாது. அதனால் "இதெல்லாம் எதுக்கு, போய்க் கணக்குப் போடு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒருவர் சொல்லித்தான் விட்டார், அவர் யார் என்று இங்கே எழுதவில்லை.

ஒரு மாணவன் 'புத்தூர்' என்று மட்டும் எழுதி வந்தான். தமிழ்நாட்டில் புத்தூருக்குப் பஞ்சமா? சனிக்கிழமை அவனோடு லயத்துக்குப் போனேன். அவனுடைய கொள்ளுப்பாட்டிக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல் இருக்கும், கண் தெரியவில்லை, காது நன்றாகக் கேட்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, "ஆத்தா, எந்தப் புத்தூரு?" என்றேன். "இத்தன வருசத்துல எந்தப் புத்தூருன்னு ஒருத்தரும் கேக்கலியே" என்றது கிழவி. அப்புறம் ஆறு, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சந்தை, சந்தைக்கு மாட்டு வண்டி போகும் தடம் என்று சொல்லிக்கொண்டே வந்தது. பையன் எழுதிக்கொண்டே வந்தான். இருட்டும் வரை எழுதியும் தாலுகாவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. வருகிற சனிக்கிழமையும் போகிறோம்.