முன்னோரைப் போற்றும் குடும்ப ஏடு
(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



நீத்தார் கடன் இயற்றுவோர் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையின் பெயர்களைச் சொல்லி நீர் வார்ப்பது நம் முன்னோர் வகுத்த முறை. மூன்றாம் பெயர் வருமுன்னரே நாத் தடுமாறும் இல்லங்கள் இன்று பல. பூட்டன் எழுதிவைத்த நிலத்தின் விளைவால் கோயிலில் விளக்கு எரியலாம். அவன் பெயரோ அவன் பிறந்த வீட்டிலேயே வழங்காதொழிகிறது. இது இரங்கத்தக்கதன்றோ?

கொங்கு நாட்டில் குடும்ப வரலாறு கோயிலோடு பின்னிப் பிணைந்தது. கொங்கு வேளாளரிடையே ஒவ்வொரு குலத்துக்கும் காணியூரும் காணிக் கோயிலும் உண்டு. ஊர் விட்டு ஊர் பெயர்ந்தவர்களும் காணித் தெய்வத்தைக் கொண்டே தம் வேரை அறிந்தனர். அச்செய்திகள் ஓலையிலும் செப்பேட்டிலும் பெரியோர் நாவிலும் தங்கியிருந்தன.

அவற்றைத் தேடித் தந்த சான்றோரை நன்றியுடன் நினைத்தல் வேண்டும். கார்மேகக் கவிஞர் இயற்றிய ‘கொங்குமண்டல சதகம்’ என்னும் நூலைத் திருச்செங்கோட்டுத் தி. அ. முத்துசாமிக் கோனார் 1923ஆம் ஆண்டில் வெளியிட்டார். 2023ஆம் ஆண்டில் மறைந்த புலவர் செ. இராசு, கொங்கு நாட்டு ஓலைகளையும் செப்பேடுகளையும் தேடிப் படித்து அச்சேற்றினார். அதற்கும் முன்னர்க் காலின் மெக்கன்சி (1754–1821) என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அதிகாரி ஊர்தோறும் வரலாறுகளை எழுதுவித்தார். அத்தொகுப்பின் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. நம் பரமத்தி வேலூருக்கு அண்மையிலுள்ள மோகனூரில் 1888ஆம் ஆண்டில் தோன்றிய நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, ‘என் கதை’ எழுதினார். அவர் தந்தையார் ஒரு காவலர். எளிய குடும்பத்தின் கதையும் ஏடேறத் தக்கதே என்பதற்கு அந்நூல் சான்று.

ஜேடர்பாளையத்தில் காவிரிக்கு அணையிட்டு இராஜவாய்க்காலை வெட்டுவித்தவர் அல்லாள இளைய நாயக்கர் என்று மரபு கூறுகிறது. அவர் புகழ் நின்றது. மண் சுமந்தவர், கரை கட்டியவர், அந்நீரால் முதன்முதல் வெற்றிலைக் கொடிக்கால் வைத்தவர் ஆகியோரின் பெயர்கள் எங்கே? தலைவர்க்கு ஊர் நினைவு கூரும். ஏனையோர்க்கு அவரவர் வீட்டாரே நினைவு கூர்தல் வேண்டும்.

இப்பணிக்குப் பெரும் புலமை வேண்டா. ஓய்வு நேரமும் ஒரு தடித்த ஏடும் போதும். முதுமையுற்றோரை முதலில் அணுகுக. அவர் மறைந்தால் அவருடன் ஒரு சுவடிக் கட்டே மறைந்ததாகும். சொன்னவர் பெயரையும் கேட்ட நாளையும் குறிக்க. பாகப் பத்திரம், கிரயப் பத்திரம், ஜாதகம், மொய்க் கணக்கு ஆகியவற்றை ஒப்பிட்டு நோக்குக. இருவர் இருவேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுக. பழைய புகைப்படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர்களை வரைக. பாட்டியர் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் மறவாதீர். வாழவந்த வீட்டின் மரபில் பெண்டிர் பெயர் மறைவது எளிது.

ஒன்று மட்டும் விலக்கத்தக்கது. இல்லாத அரச வழியைப் புனைவதும், பிறர் குலத்தைத் தாழ்த்தித் தம் குலத்தை உயர்த்துவதும் முன்னோர்க்குச் செய்யும் சிறப்பு ஆகா. கடன்பட்ட பாட்டனையும், பஞ்சத்தில் ஊர் விட்ட பூட்டனையும் உள்ளவாறே எழுதுக. அவர் பட்ட பாடே வழித்தோன்றல்களுக்கு உற்ற செல்வம்.

ஆலயத்தில் அட்டபந்தன மருந்தைப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது வழக்கம். குடும்ப ஏட்டையும் ஒவ்வொரு குடமுழுக்கின்போதும் எடுத்துப் படித்து, பிறந்தாரையும் மறைந்தாரையும் சேர்த்து, படி ஒன்று எடுத்து உடன்பிறந்தார் வீட்டில் வைக்க. ஒரு வீட்டில் செல்லரித்தாலும் மற்றொரு வீட்டில் அது பிழைக்கும். இந்நற்பணி இல்லந்தோறும் தழைக்க இறைவன் திருவருள் துணைபுரிவதாக!