பரியேறும் பெருமாள்
(மருங்காபுரியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிலம்பும் கம்பனும் இருக்கத் தமிழாசிரியன் திரைப்படத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று பெரியோர் சிலர் வினவியதாகக் கேள்வியுற்றேன். வினா நேரியதே. ஆயினும் நம் வீட்டுப் பிள்ளைகள் காப்பியம் ஓதுகின்றிலர், படம் பார்க்கின்றனர். அவர்கள் பார்த்ததை நாமும் பார்த்தல் நலம்.

2018-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வெளிவந்தது 'பரியேறும் பெருமாள்'. பரி என்பது குதிரை. குதிரையேறி வரும் தெய்வத்தின் பெயர் அது. நம் பக்கத்தில் அய்யனார் கோயில் முன் மண்குதிரை நிற்கக் காண்கின்றோம். ஆதலின் பெயர் நமக்கு அந்நியமன்று. இயக்கியவர் மாரி செல்வராஜ், தூத்துக்குடி மாவட்டத்துப் புளியங்குளத்தார். இயக்குநர் ராமிடம் பல்லாண்டு உதவியாளராயிருந்து, சிறுகதைகளும் எழுதியவர். பா. இரஞ்சித் தயாரிக்க, இம்முதற் படத்தை எடுத்தார்.

ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளையொருவன் திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் சேர்கின்றான். அதற்கு முன்னரே அவனுடைய 'கருப்பி' என்னும் வேட்டைநாயைத் தண்டவாளத்தில் கட்டிக் கொன்றுவிடுகின்றனர். கல்லூரியிலோ ஆங்கிலம் விளங்காது விழிக்கின்றான். அவ்வகுப்பறைக் காட்சி என்னை மிகவும் வருத்தியது. தாய்மொழியிற் கற்று வந்தவன் கூனிக்குறுகி நிற்கும் நிலையை நாடோறும் பார்ப்பவன் யான். உடன்பயிலும் சோதி என்னும் பெண் அவனுக்குப் பாடஞ் சொல்லித் தருகின்றாள். தன் வீட்டுத் திருமணத்திற்கும் அழைக்கின்றாள். அங்கே அவளுடைய உறவினர் அவனை அறைக்குள் அடைத்து அடித்து, வாயாற் சொல்லக் கூசும் இழிவும் செய்கின்றனர்.

அப்பெண்ணின் தந்தையை நீங்கள் உற்று நோக்கல் வேண்டும். அவர் கொடியவரல்லர், மகள்மேல் உயிரையே வைத்தவர். இருவரையும் கொன்றுவிடுவார்கள், விலகிப் போ என்று அவனிடம் கெஞ்சுகின்றார். அவர் எவர்க்கு அஞ்சினார்? கலியாணப் பந்தலில் முன்வரிசையில் அமரும் நம்போன்ற உறவினர்க்கன்றோ? நம் சங்கம் வரன் பார்க்க உதவுகின்றது. ஏழைப் பிள்ளைகட்குப் புத்தகம் வாங்கித் தருகின்றது. நற்பணிகளே. அவ்வச்சத்தையும் நாமே உண்டாக்குகின்றோமா என்பதை இதுவரை எவரும் இம்மேடையிற் கேட்டதில்லை. ஆதலின் யான் கேட்கின்றேன்.

படத்தில் ஒரு கிழவன் வருகின்றான். கொலைகளை விபத்துப்போற் செய்து முடிப்பவன். குலதெய்வத்திற்குச் செய்யும் தொண்டென்றே அதனைக் கருதுகின்றான். நம் அகப்பாடல்களில் மகள் தலைவனுடன் போய்விட்டாற் செவிலி அழுதுகொண்டு தேடிச் செல்வாள்; வழியிற் கண்டோர் அஃது உலக இயல்பென்று அவளைத் தேற்றுவர். அரிவாளுடன் எவரும் பின்தொடர்ந்ததாக யான் கற்றதில்லை. பழம்பெருமை பேசுவோர் இதனையும் சேர்த்துப் பேசுக.

மாரி செல்வராஜ் பின்னர் 'கர்ணன்' (2021), 'மாமன்னன்' (2023), 'வாழை' (2024), 'பைசன்' (2025) ஆகியன எடுத்தார். 'கர்ணன்' 1995-இல் கொடியன்குளத்தில் நிகழ்ந்ததை நினைவூட்டுவது; அதில் வாள் ஓங்குகின்றது. 'வாழை' அவர் சிறுவயதிற் கண்ட வாழைத்தார்ச் சுமையின் கதை. கண்ணீரின்றிப் பார்த்தல் அரிது. எனினும் என் உள்ளம் முதற் படத்தையே நாடுகின்றது. இத்துணை அடிபட்டவன் இறுதியில் அப்பெண்ணின் தந்தையோடு அமர்ந்து பேசுகின்றான்; மாறவேண்டியவர் எவர் என்பதையும் அவர் முகத்துக்கெதிரே சொல்லிவிடுகின்றான். பின்பு இரண்டு தேநீர்க் குவளைகள் மட்டும் காட்டப்படுகின்றன. ஒன்று பால் கலந்தது, ஒன்று கலவாதது. இடையில் ஒரு பூ. தேநீர்க்கடையில் தனிக்குவளை வைத்திருந்த ஊர்களை அறிந்தவர்க்கு இதற்கு உரை வேண்டா.

இப்படத்தை நம் மண்டபத்திற் காட்ட வேண்டுமென இளைஞர்கள் விண்ணப்பித்துள்ளனர். காட்டுக என்பது என் கருத்து. தாய்மார்களும் வருக. படம் முடிந்தபின் பெண்ணைப் பெற்றவர்கள் முதலிற் பேசட்டும். யான் பின்வரிசையில் அமர்ந்து கேட்பேன்.