மருத்துவச்சியின் கல்வி

நான் வசிப்பது திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை அடுத்த பகுதியில். ரமணரின் அன்னையார் அழகம்மாள் 1922-இல் மறைந்தார். அவர் சமாதியின்மேல் எழுந்ததே மாத்ருபூதேசுவரர் ஆலயம். தாய்க்குக் கோயில் கண்ட ஊரிலிருந்து, தாயாகும் பெண்ணைக் காக்கும் கல்வியைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

மாணவர்களே, பேறு பார்ப்பதை வெறும் கைப்பழக்கம் என்று எண்ணுவோர் பலர். சென்னையில் 1844-இலேயே மகப்பேற்று மருத்துவமனை தோன்றிவிட்டது. மேரி ஷார்லிப் என்ற ஆங்கில மாது முதலில் அங்கே மருத்துவச்சிப் பயிற்சி பெற்று, பின்னரே 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

2018-இல் மத்திய அரசு வகுத்த நெறிகளின்படி, பதிவு பெற்ற செவிலியர் மேலும் 18 மாதங்கள் பயின்று, இயல்பான பேறுகளைத் தம் பொறுப்பிலேயே நடத்தும் தகுதியை அடையலாம். அப்பொறுப்பு எத்தகையது?

ஜவ்வாது மலையடிவாரத்துச் சுகாதார நிலையம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவு. மருத்துவர் அருகில் இல்லை. குழந்தை பிறந்துவிட்டது; வீட்டார் ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொண்டிருக்கின்றனர். செவிலியரின் கண்ணோ தாயை விட்டு அகல்வதில்லை. கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் நஞ்சுக்கொடி பிரிந்த இடத்து இரத்தக் குழாய்கள் அடைபடும். ஆகவே ஒரு நிமிடத்துக்குள் 10 அலகு ஆக்ஸிடோசினைத் தசையில் செலுத்துகிறார். அம்மருந்தை 2 முதல் 8 பாகைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் நின்றுபோன இரவில் மருந்து வீரியம் இழந்திருந்தால் ஊசி போட்டும் பயனில்லை. பிறகு வயிற்றின்மேல் கை வைத்துக் கருப்பை கெட்டிப்பட்டதா என்று பார்க்கிறார். இரத்தப்போக்கு 500 மில்லி லிட்டரை எட்டினால் ஆபத்து. சோகையுற்ற பெண்ணுக்கு அதனினும் குறைந்த இழப்பே கேடு. இங்கேயே சமாளிப்பதா, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதா? அம்முடிவை அவரே எடுத்தாக வேண்டும். கருத்தடை ஆலோசனை முதலியனவும் பாடத்தில் உண்டு. எனினும் இதுவே கடினமான பாடம்.

2018-20 கணக்கின்படி, இலட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மாரும் தமிழ்நாட்டில் 54 தாய்மாரும் உயிர் நீத்தனர். நம் எண் சிறிது என்று மகிழ எனக்கு மனமில்லை. அவை 54 வீடுகள் அல்லவா?

இத்துணைப் பொறுப்பைச் செவிலியரிடம் விடலாமா என்று ஐயுறும் மருத்துவர்களும் உளர். அந்த ஐயம் முற்றிலும் தவறன்று. சிக்கலான பேறு மருத்துவரிடமே செல்ல வேண்டும். ஆனால் பயின்றவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டால் பயிற்சி வீணாகும். அவர் அனுப்பிவைக்கும் தாயை ஏற்கும் மருத்துவர், அவர் எழுதித் தந்த குறிப்பை முதலில் படித்தல் வேண்டும்.