தஃப்தரிலும் எழுதுவோம், அரசுப் பதிவேட்டிலும் எழுதுவோம்!

(திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் வாலிபர்களும் வியாபாரிகளும் திரண்டிருந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வரும்போது ஒரு தம்பி கேட்டார்: "ஹஜ்ரத், பள்ளிவாசல் தஃப்தரில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அல்லாஹ் அறிவான், ஊரும் அறியும். அதற்கு மேல் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் போய் ஏன் நிற்க வேண்டும்? இது ஷரீஅத்தில் கை வைக்கிற வேலை இல்லையா?"

தம்பியின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. உத்தரகண்டில் 2025 ஜனவரி 27 முதல் பொது சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அங்கே திருமணப் பதிவோடு விவாகரத்தையும் வாரிசுரிமையையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். அதை நாம் எதிர்க்கிறோம், எதிர்ப்போம். ஆனால் சகோதரர்களே, பதிவு வேறு, பொது சிவில் சட்டம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் நஷ்டம் நமக்குத்தான்.

நம் மாநிலத்தில் உள்ள சட்டம் என்ன? 2006 பிப்ரவரி 14 அன்று சீமா - அஸ்வனி குமார் வழக்கில், எல்லா மதத்தாரின் திருமணங்களையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் நமக்கும் ஒரே சட்டம். நிகாஹ் எப்படி நடக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஈஜாப் கபூலும், இரண்டு சாட்சிகளும், மஹரும் அப்படியே இருக்கின்றன. நம் திருமணத்துக்கும் வாரிசுரிமைக்கும் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம்தான் இன்றும் பொருந்துகிறது. பதிவு செய்வதாலேயே திருமணம் செல்லுபடியாகிவிடாது, ஆனால் சாட்சியம் என்ற வகையில் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு என்பதை அந்த 2006 தீர்ப்பே விளக்கியிருக்கிறது.

எழுதி வைப்பது நமக்குப் புதிதா? கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சி வைத்து எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கடையில் நூறு ரூபாய்க் கடனுக்கும் பேரேட்டில் வரி போடுகிற வியாபாரி, பெற்ற மகளின் வாழ்க்கைக்கு ஒரு காகிதம் வேண்டாம் என்று சொல்லலாமா?

"அரசாங்கக் காகிதத்தில் நம் அடையாளம் போய்விடுமே" என்கிறார்கள். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவை நினைத்துப் பாருங்கள். உடன்படிக்கையில் 'அல்லாஹ்வின் தூதர்' என்று எழுதக்கூடாதென எதிர்த்தரப்பின் சுஹைல் பிடிவாதம் செய்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை நீக்கச் சொல்லி, 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத்' என்று எழுதச் செய்தார்கள். சஹாபாக்களின் நெஞ்சு கொதித்தது. ஆனால் அந்தக் காகிதத்தால் ரிஸாலத் குறைந்ததா? இல்லை, மக்கா வெற்றிக்கே அது வழியானது.

சீக்கியச் சகோதரர்களைப் பாருங்கள். அவர்களுடைய ஆனந்த் திருமணச் சட்டம் 1909-இல் வந்தது. அதில் பதிவுக்கு வழி இல்லை. விட்டார்களா? போராடி 2012-இல் திருத்தம் வாங்கினார்கள். மாநிலங்கள் விதிகளை வகுக்காமல் இழுத்தடித்தபோது உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 செப்டம்பரில் உத்தரவும் பெற்றார்கள். பதிவு வேண்டும் என்று கேட்டுத்தான் அவர்கள் தங்கள் அடையாளத்தைக் காத்தார்கள்.

பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. விசா அவசரத்தில் சிலர் நிகாஹ் முடிந்த பிறகு 1954ஆம் ஆண்டு தனித் திருமணச் சட்டத்தின் கீழ் பதிந்துவிடுகிறார்கள். அப்படிப் பதிந்த முஸ்லிமின் சொத்து, அவர் மவுத்துக்குப் பிறகு ஷரீஅத் பங்கின்படி பிரியாது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி பிரியும். கடையும் கட்டடமும் உள்ள வியாபாரிகளே, எந்தச் சட்டத்தின் கீழ் பதிகிறோம் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். 2009 சட்டத்தின் கீழ் பதிந்தால் இந்த ஆபத்து இல்லை.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மஹல்லாவில் நான் ஒரு நிகாஹ் ஓதி வைத்தேன். மஹர் பற்றிப் பேச்சு முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினார்கள். தஃப்தரில் அந்தக் கட்டத்தில் 'பின்னர் எழுதப்படும்' என்று எழுதினேன். பின்னர் எழுதவில்லை. அரசுப் பதிவும் செய்யவில்லை. மாப்பிள்ளை வெளிநாடு போனார், அங்கே வேறு குடும்பம் ஆனது. ஜீவனாம்சம் கேட்டு அந்தப் பெண் வழக்குப் போட்டபோது, "இவளை நான் நிகாஹ் செய்யவே இல்லை" என்று பதில் வந்தது. கைக்குழந்தையோடு அவள் கோர்ட் வாசலில் நின்றாள். நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். "மஹர் எவ்வளவு?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். மூன்று வருடம் அலைந்து ஜீவனாம்சம் கிடைத்தது. மஹர் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் தகப்பனார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது. மறுமையில் அல்லாஹ் கேட்பான்.

"காஜி முத்திரை போதாதா?" என்று கேட்காதீர்கள். காஜிகள் சட்டம் 1880-இல் முதன்முதலில் நம் சென்னை மாகாணத்துக்காகத்தான் வந்தது. காஜிக்கு நீதிமன்ற அதிகாரம் எதையும் தரவில்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நம் தஃப்தர் நமக்கு உயிர். ஆனால் கோர்ட்டில் அதோடு இன்னொரு காகிதமும் கையில் இருக்கட்டும்.

ஆகவே ஜமாஅத்துகளுக்கு என் வேண்டுகோள்: நிகாஹ் தேதி கொடுக்கும்போதே, பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 21 வயது நிரம்பியதற்கான சான்றை வாங்குங்கள். மஹர் கட்டத்தை நிரப்பாமல் குத்பா ஓத விடாதீர்கள். 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாட்கள் உண்டு. நிகாஹ் நடந்த ஊரில் மட்டுமல்ல, மாப்பிள்ளையோ பெண்ணோ வசிக்கும் ஊரிலும் பதியலாம் என 2020-இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. படித்த வாலிபர்கள் இரண்டு பேர் மஹல்லாவுக்குப் பொறுப்பேற்று, ஏழை வீட்டுப் பிள்ளைகளின் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுங்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. ஜமாஅத் தரும் நிகாஹ் சான்றை எல்லாப் பதிவு அலுவலகங்களும் ஒரே மாதிரி ஏற்க வேண்டும். இந்த வேங்கிக்காலில்தான் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. நடந்தே போய் மனுக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் ஷரீஅத் பெண்ணுக்குக் கொடுத்த உரிமை, நம் சோம்பலால் அவளுக்குக் கிடைக்காமல் போகக்கூடாது. வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.