எட்கார் பிசானியும் 1962ஆம் ஆண்டுப் பிரெஞ்சு நிலச் சட்டமும்



1961 ஜூன் 8ஆம் நாள் விடியற்காலை. பிரான்சின் மேற்குக் கோடியில், பிரிட்டனி வட்டாரத்து மோர்லே நகருக்குள் உழவர்கள் டிராக்டர்களோடு நுழைந்தார்கள். விளைச்சல் இருந்தது, விலை இல்லை. வியாபாரி சொன்னதே விலையாக இருந்தது. முன்நின்று நடத்திய அலெக்சி குர்வெனெக்குக்கு அப்போது வயது 25. அங்கிருந்த துணை ஆட்சியர் அலுவலகத்தையே அவர்கள் கைப்பற்றினார்கள். குர்வெனெக் கைதானார், வழக்கு நடந்தது, விடுதலையும் ஆனார். அதற்குள் போராட்டம் மேற்குப் பகுதியெங்கும் பரவிவிட்டது. ஆகஸ்டு மாதம் வேளாண்மைக்குப் புதிய அமைச்சர் வந்தார். அவர்தான் எட்கார் பிசானி.

அவர் உழவர் சங்கத்திலிருந்து வந்தவர் அல்லர். 1918இல் துனிஸ் நகரில் பிறந்தவர். 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலையானபோது காவல்துறைத் தலைமையகத்துக்குள் இருந்து போராடியவர்களில் ஒருவர். போர் முடிந்ததும் மாவட்ட ஆட்சியரானார். ஆட்சியராக இருந்த ஓத் மார்ன் மாவட்டமே 1954இல் அவரைச் செனட் சபைக்கு அனுப்பியது. பிரான்சில் செனட்டர்களைத் தேர்ந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் உள்ளாட்சி மன்றங்களின் பிரதிநிதிகள். எந்த ஊரில் யாருடைய நிலம் கைமாறுகிறது, எந்த வீட்டுப் பிள்ளை நகரத்துக்குப் போய்விட்டான் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் வாக்குக் கேட்டு ஏழாண்டு சபையில் இருந்த அனுபவம் அமைச்சருக்குக் கைகொடுத்தது என்றே நான் கருதுகிறேன்.

இனி அந்தச் சட்டத்துக்கு வருவோம். 1960இலேயே ஒரு வேளாண் சட்டம் நிறைவேறியிருந்தது. விற்பனைக்கு வரும் நிலத்தை வாங்கி, தேவைப்படும் உழவருக்குக் கொடுக்கச் ‘சாஃபேர்’ என்ற வட்டார நில நிறுவனங்களை அது உருவாக்கியது. ஆனால் அவற்றுக்குப் பல் இல்லை. நல்ல நிலம் விலைக்கு வந்தால் பணம் படைத்தவர் முந்திக்கொள்வார். 1962 ஆகஸ்டு 8ஆம் நாள் நிறைவேறிய பிசானியின் சட்டம் அந்த நிறுவனங்களுக்கு முன்வாங்குரிமையைக் கொடுத்தது. விற்பவரும் வாங்குபவரும் பேசி முடித்திருந்தாலும், பத்திரம் பதிவாவதற்கு முன் செய்தி சாஃபேருக்குப் போகவேண்டும். அது குறுக்கிட்டுத் தானே வாங்கி, நிலமில்லாத இளம் உழவருக்கோ, பத்தாத நிலத்தை வைத்துத் திண்டாடும் பக்கத்துக் காட்டுக்காரருக்கோ விற்கலாம். சொத்துரிமையில் அரசு கைவைக்கிறது என்று பெருநிலக்காரர்கள் கொதித்தார்கள். மிஷெல் தெபாதிஸ் போன்றோர் வழிநடத்திய இளம் உழவர் இயக்கம் அமைச்சரின் பக்கம் நின்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். முன்வாங்குரிமை மட்டும் இருந்து பயனில்லை, நிலம் விலைக்கே வராவிட்டால் என்ன செய்வது? எழுபது வயதிலும் தகப்பனார் நிலத்தை விடமாட்டார். விட்டால் அவருக்குச் சோறு ஏது? ஆகவே அதே சட்டம் ஒரு நிதியத்தை ஏற்படுத்தி, நிலத்தை விட்டுக்கொடுத்து ஓய்வு பெறும் முதிய உழவருக்கு ஆயுள் முழுவதும் உதவித்தொகை வழங்கியது. அதே நாளில் வந்த இன்னொரு சட்டம், சில குடும்பங்கள் சேர்ந்து ஒரே பண்ணையாகப் பயிர் செய்ய ‘காயெக்’ என்ற கூட்டு அமைப்புக்கு வழிவகுத்தது. முதியவர் மானத்தோடு விலகவும் இளையவர் துணிவோடு இறங்கவும் ஒரே நேரத்தில் வழி திறந்தது. நிலச் சட்டம் எழுதுகிறவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்.

நிலத்துக்கு அடுத்தது விலை. பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் ஆறு நாடுகளின் அமைச்சர்கள் 1961 டிசம்பர் 31 நள்ளிரவில் கடிகாரத்தை நிறுத்திவைத்துக்கொண்டு, 1962 ஜனவரி 14 வரை பேசிப் பொது வேளாண் கொள்கைக்கு அடித்தளம் இட்டார்கள். பிரான்சுக்காகப் பேசியவர்களில் பிசானியும் ஒருவர். 1964 டிசம்பரில் தானியங்களுக்குப் பொது விலையும் முடிவானது. உழவருக்கு விலை உறுதி கிடைத்தது. பின்னாளில் வெண்ணெயும் பால்தூளும் கிடங்குகளில் மலையாய்க் குவிந்ததற்கும் பாலுக்கும் நீண்ட அதே விலை உறுதியே காரணம். 1984இல் பால் உற்பத்திக்கு ஐரோப்பா வரம்பு கட்ட நேர்ந்தது.

பிசானி பதவியைப் பிடித்துத் தொங்கியவர் அல்லர். 1967இல், நாடாளுமன்றத்தைத் தாண்டி அவசர ஆணைகளால் ஆளப்போவதாக அரசு முடிவெடுத்தபோது அமைச்சரவையை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு மே 22இல் பிரதமர் பொம்பிடுவின் அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு, ஆளுங்கட்சி வரிசையில் இருந்தபடியே ஆதரவாக வாக்களித்தார். தேவைப்பட்ட 244இல் 233 வாக்குகளே கிடைத்தன. தீர்மானம் தோற்றது. பிசானி தம் நாடாளுமன்றக் கீழவை உறுப்பினர் பதவியையும் துறந்தார். 1974இல் சோசலிஸ்டாக மீண்டும் செனட்டுக்கு வந்தார். 1979இல் முதல் நேரடித் தேர்தலில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போனார். 1981இல் ஐரோப்பிய ஆணையத்தில் வளர்ச்சித்துறை ஆணையரானார். ஏழை நாடுகளுக்குத் தானியத்தைக் கப்பலில் அனுப்புவதைவிட, அந்த நாடுகளே தங்கள் உணவுத் திட்டத்தை வகுக்க உதவுவதே முறை என்று வாதாடினார். மாலி, கென்யா, ருவாண்டா, சாம்பியா ஆகிய நான்கு நாடுகளில் அந்த முயற்சி தொடங்கியது.

அவரிடம் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. உற்பத்தியைப் பெருக்கவேண்டிய காலத்துக்கு வகுத்த கொள்கையை, பெருகி வழியும் காலத்துக்கும் இழுத்துவரக் கூடாது என்று அவர் முதுமையில் வெளிப்படையாக எழுதினார். 1994இல் வெளிவந்த நூலில், சந்தைக்கு விளைவிப்பதோடு மண்ணையும் ஊரையும் பேணுவதும் உழவின் வேலை, அதற்கும் சமூகம் கூலி கொடுக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். தாம் கட்டியதைத் தாமே சோதித்துப் பார்க்கும் அந்த நேர்மைதான் அவரைச் சட்டமியற்றுபவர்களில் உயர்ந்தவராக்குகிறது.

2016 ஜூன் 20ஆம் நாள் பாரிசில், 97 வயதில், அவர் காலமானார். சாஃபேரின் முன்வாங்குரிமை இன்றும் பிரெஞ்சுச் சட்டத்தில் இருக்கிறது.