கோட் 8: விரல்ல மின்சாரம், கைல தினக்கூலி

இன்னைக்கு ஒரே ஒரு படம்தான். கொஞ்சம் மெதுவா பேசலாம்.

படம் பேரு 'கோட் 8'. 2019-ல வந்த கனடா படம், இயக்குநர் ஜெஃப் சான். ராபி அமெல், ஸ்டீஃபன் அமெல்னு ரெண்டு பேர் முக்கியமான ரோல்ல வர்றாங்க. நிஜத்துல ரெண்டு பேரும் கசின்ஸ். 'ஆரோ' சீரியல் பாத்து வளர்ந்தவங்களுக்கு ஸ்டீஃபனை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

படத்தோட ஆரம்பத்துல ஹீரோ என்ன பண்றான் தெரியுமா? ரோட்டோரமா நின்னு, கூலி வேலைக்கு ஆள் எடுக்க வண்டி வருமான்னு பாத்துட்டு இருக்கான். அவன் விரல்ல இருந்து மின்சாரம் வரும். நினைச்சா ஒரு காரையே எரிச்சுடலாம். ஆனா அன்னைக்கு வேலை கிடைச்சாதான் சாப்பாடு. சூப்பர்ஹீரோ படம்னு நம்பி உக்காந்தவனுக்கு இது செம்ம அடி. எனக்கு இந்தப் படம் பிடிச்சுப்போன இடமும் அதான்.

உலகத்தைப் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். லிங்கன் சிட்டினு ஒரு கற்பனை நகரம். மக்கள்தொகையில 4 சதவீதம் பேர் ஏதோ ஒரு சக்தியோட பிறக்குறாங்க. ஒருத்தருக்கு மின்சாரம், ஒருத்தருக்கு நெருப்பு, ஒருத்தருக்குத் தொடாமலே பொருளை நகர்த்தத் தெரியும், இன்னொருத்தருக்கு அடுத்தவங்க மனசைப் படிக்கத் தெரியும். எல்லாரும் அரசாங்கத்துகிட்டப் பதிவு பண்ணணும். அனுமதி இல்லாம சக்தியைப் பயன்படுத்தினா குற்றம். ரோந்துக்கு ட்ரோன்கள். அதுல இருந்து 'கார்டியன்'னு சொல்ற ரோபோ போலீஸ் குதிக்கும். ஹீரோ கானர் ரீட், கூலிக்காரன். அம்மா மேரிக்குத் தொட்டதை உறைய வைக்கிற சக்தி, கூடவே மூளையில கட்டி. வைத்தியத்துக்குக் காசு இல்லை. காசுக்காகக் கானர் ஒரு கொள்ளைக் கும்பல்ல சேர்றான். கதை அவ்வளவுதான்.

கதையைவிட அந்த டைட்டில் காட்சியை நான் நாலஞ்சு தடவை ரீவைண்ட் பண்ணிப் பாத்தேன். பழைய நியூஸ் ரீல் மாதிரி இந்த நகரத்தோட வரலாறு ஓடும். இருபதாம் நூற்றாண்டோட தொடக்கத்துல இவங்க இருக்கிறது வெளிய தெரிய வருது. பதிவு பண்ணச் சொல்றாங்க. ஆனா அப்ப இவங்களுக்கு நல்ல மவுசு. பத்து பேர் தூக்குற இரும்பை ஒருத்தன் தூக்குறான்னா எந்த காண்டிராக்டர் வேணாம்னு சொல்லுவான்? அந்த நகரத்தைக் கட்டினதுல பெரிய பங்கு இவங்களோடது. அப்புறம் மெஷின் வருது. இவங்க தேவைப்படல. அதுக்கப்புறம்தான் ஒதுக்குறது, தடை, போலீஸ் எல்லாம்.

இந்த வரிசையைக் கவனிங்க. நமக்குப் பழகின எக்ஸ்-மென் கதையில முதல்ல பயம் வருது. 2000-ல வந்த முதல் எக்ஸ்-மென் படத்துல செனட்டர் கெல்லி எழுந்து நின்னு, இவங்களைப் பதிவு பண்ணணும்னு சட்டம் கேப்பார். அந்தக் கதையைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல் உண்டு. கண்ணைத் திறந்தா ஒரு கட்டடத்தையே இடிக்கிறவன் பக்கத்து வீட்ல இருந்தா நானும் கொஞ்சம் பயப்படத்தான் செய்வேன். நிஜத்துல ஒடுக்கப்படுற எந்த மக்களும் அப்படி ஆபத்தானவங்க இல்லையே. அப்போ அந்த உவமையே இடிக்குது. ஒடுக்குறவன் பக்கம் ஒரு நியாயத்தை அது தானா கொண்டுபோய்க் கொடுத்துடுது.

'கோட் 8' இந்தச் சிக்கல்ல இருந்து முழுசா தப்பிக்கல, துப்பாக்கி மாதிரி சக்தியைப் பயன்படுத்துறவங்க இதுலயும் இருக்காங்க. ஆனா கதையோட அடித்தளத்தை வேற இடத்துல போட்டிருக்கு. இங்க சக்திங்கிறது ஒரு கைத்தொழில். வெல்டிங் தெரியும், ஒயரிங் தெரியும்ங்கிற மாதிரி. வேலைக்கு ஆகுற வரைக்கும் 'நம்ம ஆளு'. வேலை முடிஞ்சதும் 'ஆபத்தான ஆளு'. பயம் பின்னாடிதான் வருது, அதுக்குன்னு ஒரு காரணமும் தேடிக் கண்டுபிடிக்கிறாங்க.

இங்க என் கதை ஒண்ணு சொல்லணும். நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். ஆறு பேர் இருக்கிற ஒரு டீம், இன்வாய்ஸ் விவரங்களைக் கையால சிஸ்டத்துல ஏத்திட்டு இருந்தாங்க. அதை ஆட்டோமேட் பண்றது எங்க ப்ராஜெக்ட். அந்த டீம்ல ஒரு அக்கா. எந்த வெண்டர் தேதியையும் மாசத்தையும் மாத்திப் போடுவான், எவன் வரியைத் தனியா காட்ட மாட்டான்னு எல்லாமே தலைக்குள்ள வெச்சிருந்தாங்க. ரெண்டு வாரம் பக்கத்துல உக்கார வெச்சு, "இங்க பாரு தம்பி, இவன் பில்லு வந்தா மட்டும் ரெண்டாவது பக்கத்தையும் பாத்துக்கோ"ன்னு ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தாங்க. அவங்க சொன்னது ஒவ்வொண்ணும் என் கோடுல ஒரு இஃப் கண்டிஷனா மாறிச்சு. கோ-லைவ் அன்னைக்குக் கேக் வெட்டினோம், அவங்களும் சாப்பிட்டாங்க. அடுத்த குவார்ட்டர்ல அந்த டீமே இல்லை. என்னோட அப்ரைசல் ஃபார்ம்ல 'ஆறு பேர் செய்யும் வேலை மிச்சம்'னு நானே ஒரு லைன் டைப் பண்ணினேன். பண்ணும்போது பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அந்த டைட்டில் காட்சி முடிஞ்சப்ப எனக்கு அந்தக் கேக் ஞாபகம் வந்தது.

சரி, படத்துக்கு வருவோம். சட்டம் போட்டு சக்தியைத் தடை பண்ணினதுனால யாரும் அதைப் பயன்படுத்தறது நின்னுபோகல. காண்டிராக்டர் அதே ஆளுங்களைத்தான் கூட்டிட்டுப் போறான். ஆனா இப்ப பேரம் பேச முடியாது. பெர்மிட் இல்லாதவன் போய் யார்கிட்ட புகார் குடுப்பான்? என்னைப் பொறுத்தவரைக்கும் இந்தத் தடையோட நிஜமான பலன் கூலியைக் குறைக்கிறதுதான். ஆரம்பத்துல அந்த வேலை இடத்துக்குப் போலீஸ் வந்து, ஒரு தொழிலாளி கார்டியன் ரோபோவால சுடப்பட்டுச் சாகுற காட்சி இருக்கு. பெரிய பின்னணி இசை, ஸ்லோமோஷன் எதுவும் இல்லை. அதனாலயே வலிக்குது.

அடுத்தது சைக். இந்த நகரத்துல புழங்குற போதைப்பொருள். எதுல இருந்து எடுக்குறாங்கன்னா, சக்தி உள்ளவங்களோட தண்டுவட நீர்ல இருந்து. உன் உழைப்பு வேணாம், ஆனா உன் முதுகெலும்புக்குள்ள இருக்கிறதுக்கு மார்க்கெட் இருக்கு. படம் இதை வசனமா விளக்கிட்டு நிக்காம அப்படியே கடந்து போயிடுது, நல்லவேளை.

போலீஸ் பக்கத்துல பார்க்னு ஒரு அதிகாரி, சங் காங் நடிச்சிருக்கார். 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' ஹான்தான். அவரோட சின்னப் பொண்ணுக்கும் சக்தி இருக்கு. வீட்ல அவர் அப்பா, வெளிய இறங்கினா அந்தப் பொண்ணு மாதிரி இருக்கிறவங்களைத் துரத்துறவர். இதை வெச்சே தனிப் படம் எடுத்திருக்கலாம், இவங்க ரெண்டு மூணு காட்சியோட விட்டுட்டாங்க. எனக்கு வருத்தம்தான்.

இனி வர்றது ஸ்பாய்லர். படம் பாக்கப் போறவங்க இங்க பாஸ் பண்ணிடுங்க.

நியானு ஒரு பொண்ணு. அவ கை வெச்சா காயம் ஆறும். ஆனா ஆறுற காயம் எங்கயும் மறையறது இல்லை, அவ உடம்புக்குள்ள போகுது. அப்பாவோட கடனுக்காகக் கும்பல் தலைவன்கிட்ட மாட்டியிருக்கா. போதைக்கும் அடிமை. கானருக்கு இவதான் தேவை, அம்மாவோட கட்டியைக் குணமாக்க. இவ்வளவு நேரம் நாம கானர் பக்கம்தான் இருக்கோம். அம்மா பாசம் வேற, கேக்கவா வேணும்? அவளை மேரி முன்னாடி கொண்டுபோய் நிறுத்துறான். அவ கை வைக்கிறா. கட்டி குறையக் குறைய, அது எங்க போகுதுன்னு அவன் கண்ணுக்கு முன்னாடியே தெரியுது.

அந்த இடத்துல கானர் யாரு? அவனை ரோட்டோரத்துல இருந்து ஏத்திட்டுப் போன காண்டிராக்டர்தான். உன்கிட்ட ஒரு சக்தி இருக்கு, எனக்கு ஒரு தேவை இருக்கு, உன் உடம்பு என்ன ஆகும்னு நான் கேக்க மாட்டேன். மத்த படமா இருந்தா நியா தானா முன்வந்து தியாகம் பண்ணியிருப்பா, ஹீரோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவான், அம்மா பிழைச்சுக்குவாங்க, நாமளும் நிம்மதியா எழுந்து போயிருப்போம். இவன் நிறுத்தச் சொல்றான். அம்மா செத்துப் போறாங்க. நியாவை விட்டுட்டு அவன் போலீஸ்ல சரணடையறான்.

எங்க அம்மாவா இருந்தா நான் நிறுத்தியிருப்பேனான்னு ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். வெளிய சொல்ற மாதிரி பதில் வரல.

குறை இல்லாமலா? நிறைய இருக்கு. கொள்ளை அடிக்கிற பகுதி எல்லாம் நாம நூறு தடவை பாத்தது. வில்லனுக்கு மனசைப் படிக்கிற சக்தி, ஆனா கதையில அதை வெச்சுப் பெருசா ஒண்ணும் பண்ணல. நியாவுக்கு அவ்வளவு முக்கியமான இடம் கொடுத்துட்டு, அவளுக்கு என்ன ஆசை, என்ன கோபம்னு காட்டவே இல்லை. இந்த ஒண்ணுதான் எனக்கு உண்மையான உறுத்தல். சுரண்டலைப் பத்தின படத்துல அதிகமா சுரண்டப்படுறவளுக்கு இன்னும் நாலு வசனம் குடுத்திருக்கலாம்.

ஆனா இது சின்ன பட்ஜெட் படம். 2016-ல முதல்ல ஒரு குறும்படமா எடுத்து இணையத்துல போட்டாங்க. முழுப் படத்துக்கு இண்டிகோகோல 2 லட்சம் டாலர் கேட்டாங்க. ரசிகர்கள் 20 லட்சத்துக்கு மேல கொட்டிக் கொடுத்தாங்க. அந்தக் காசுல ரோபோக்கள் இவ்வளவு நம்பும்படியா வந்ததே பெருசு.

2024-ல ரெண்டாவது பாகம் வந்தது. முதல் பாகம் அளவுக்கு இல்லை, ஆனா ஒரு விஷயம் மட்டும் சொல்றேன். அதுல கார்டியனுக்குப் பதிலா நாலு கால் ரோபோ நாய் வருது. இது ஆளைக் கொல்லாது, பாதுகாப்பானதுன்னு சொல்லி மக்கள்கிட்ட அறிமுகப்படுத்துறாங்க. ரிலீஸ் நோட்ஸ் எழுதுற வேலையில இருக்கிறவங்க அந்தக் காட்சியைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க.

முதல் பாகம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. நைட்டு சாப்பிட்டுட்டு ஆரம்பிச்சா தூங்குற நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். பாத்துட்டு, அந்தக் கடைசி முடிவுல நீங்க கானர் கூட நிக்குறீங்களா இல்லையான்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.