பிரெஞ்சுச் சொற்களில் முன்னொட்டும் அசையும்



பிரெஞ்சு மொழியைப் பயிலப் புகுவோர் பலர், "எழுதுவது ஒன்று, ஒலிப்பது மற்றொன்று, இம்மொழிக்கு விதியே இல்லையோ?" என்று மலைப்பதுண்டு. விதி உண்டு. அசை பிரியும் முறையிலே அதன் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பதே இன்று நான் கூற விழைவது.

இரண்டு உயிர்களுக்கு இடையே ஒற்றை மெய் வருமாயின், அது முன்னசையோடு நில்லாமல் பின்வரும் உயிரைச் சேர்ந்துவிடும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாதலை இளமையிலேயே கற்ற நமக்கு இது புதிதன்று.

எதிர்மறை உணர்த்தும் 'இன்' என்னும் முன்னொட்டை நோக்குவோம். 'எகல்' என்றால் சமமானது. அதனோடு முன்னொட்டுச் சேர்ந்தால் சமமற்றது. அங்கே னகரம் அடுத்த உயிரைப் பற்றிக்கொண்டு, 'இ-னெ-கல்' எனத் தெளிவாக ஒலிக்கிறது. 'கபாப்ல்' என்றால் திறனுள்ளது. அதன்முன் இதே முன்னொட்டு வருங்கால், பற்றுதற்கு உயிர் இல்லாமையால் னகரம் தன் ஒலியை இழக்கிறது. முன்னுள்ள உயிர் மட்டும் எகரச் சாயல் பெற்று மூக்கின்வழி ஒலிக்கும். நாநுனி அண்ணத்தைத் தொடுதல் ஆகாது. ஆயினும் 'அசையாத' எனப் பொருள்படும் 'இம்மொபில்' போல, எழுத்தில் மெய் இரட்டிக்கும் சொற்களிலே பெரும்பாலும் இகரம் இகரமாகவே நிற்கும்.

இலத்தீனத்து 'திஸ்' என்பதினின்று வந்த முன்னொட்டு மற்றொன்று. பழைய பிரெஞ்சில் அது 'தெஸ்' என எழுதப்பட்டது. மெய்க்கு முன்னே அதன் ஸகரம் பேச்சில் மறைந்தது. பிரெஞ்சு அக்காதெமி 1740-இல் வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பு, இவ்வாறு ஒலியிழந்த ஸகரங்கள் பலவற்றை எழுத்திலிருந்தும் நீக்கியது. ஆகவே, 'செய்தல்' ஆகிய 'ஃபேர்' என்பதன் முன்னே 'தெ' மட்டுமே உண்டு: 'தெஃபேர்', அதாவது செய்ததைக் குலைத்தல். 'ஒழுங்கு' ஆகிய 'ஓர்த்ர்' உயிரில் தொடங்குவதால், அதன்முன் ஸகரம் இன்றும் வாழ்கிறது. ஆங்கிலத்து 'இஸட்' போல ஒலிக்கிறது. சேர்வதற்கு உயிர் வாய்த்த ஸகரம் பிழைத்தது; வாய்க்காதது மறைந்தது.

ஆயினும் செவியை மட்டும் நம்புதல் போதாது. 'சமூகத்துக்கு எதிரான' என்பதைக் குறிக்கும் 'ஆந்திசொசியல்' என்னும் சொல்லில் ஸகரம் இரு உயிர்களுக்கு இடையே வந்தும் 'இஸட்' ஆவதில்லை. 'ஆந்தி' முன்னொட்டு என்பதை அறிந்தவரே அதனைச் சரியாக ஒலிப்பர்.

சொற்கள் தம்முள் புணரும்போதும் இவ்விதி தொடர்கிறது. பன்மை காட்டும் 'லெ' என்னும் சிறுசொல்லின் இறுதியில் எழுதப்படும் ஸகரம் தனித்து ஒலிப்பதில்லை. 'நண்பர்' ஆகிய 'அமி' பின்வந்தால் 'லெ-ஸமி' என உயிர்பெற்று 'இஸட்' ஆகிறது. ஆனால் 'வீரர்' ஆகிய 'எரோ' பின்வந்தால் சேர்தல் கூடாது. அச்சொல்லின் முதலில் எழுதப்படும் ஹகரம், தான் ஒலியாவிடினும் புணர்ச்சியைத் தடுத்து நிற்கும். விதி அறியாது சேர்த்துச் சொன்னால் 'லெ-ஸெரோ' என்றாகி, வீரர்கள் வெறும் சுழிகளாகிவிடுவார்கள்!

ஆதலின் நண்பர்களே, புதிய சொல் ஒன்றைக் கண்டவுடன் முதலில் அதன் முன்னொட்டைப் பிரித்துப் பொருள் காணுங்கள். பின்னர் அசை பிரித்து வாய்விட்டு ஒலியுங்கள். அவ்விரண்டும் பழகிவிட்டால் பிரெஞ்சு எழுத்து உங்களை மலைக்க வைக்காது.